பதினெட்டு வயதும் ஐந்நூறு குதிரைகளும்

சென்னையிலிருந்து திருவள்ளூர், திருத்தணி, நகரி என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து திருப்பதிக்குப் போகிற பிரயாணிகளில், புத்தூர் என்ற பெயரைக் கேட்டவுடன் எலும்பு முறிவுக் கட்டை நினைக்காதவர் அபூர்வம். தமிழ்நாட்டின் பட்டணத்துக் கடைவீதிகளில் 'புத்தூர் கட்டு' என்று எழுதிய பலகைகளை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். மூங்கில் பத்தையும் துணிச்சுற்றும் பச்சிலைச் சாறும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்த வைத்தியத்துக்குப் பெயர் வந்தது ஆந்திரத்தில் இருக்கிற எங்கள் ஊரால்தான். முன்காலத்தில் பனைமரத்திலிருந்து விழுந்தவர்களும், மாடு முட்டித் தள்ளியவர்களும், கிணற்றுப் படியில் வழுக்கியவர்களும் வந்து உட்கார்ந்திருந்த திண்ணைகளில் இன்று, மீசை அரும்புகிற பிராயத்து இளைஞர்கள், ஒரு கையில் கட்டும் மற்றொரு கையில் கைபேசியுமாக, விழுந்த கதையைவிடத் தாங்கள் போன வேகத்தை அதிக உற்சாகத்தோடு சொல்லிக்கொண்டிருப்பதைக் காண்கிறேன்.

இந்தக் காட்சி மனத்தில் ஊறியிருந்ததனாலோ என்னவோ, மாம்பழக் கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் பங்குடைய நண்பர் ஒருவர், சென்னையில் பொறியியல் படிக்கிற தம் 19 வயதுக் குமாரனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக் கொடுக்கலாமா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, எனக்கு உடனே பதில் எழவில்லை. "பையன் நல்லாத்தான் ஓட்டறான், சார். லைசென்ஸ் கையில இருக்கு. வாங்கித் தரலேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கறான், வாங்கித் தந்தா எனக்குத் தூக்கம் போயிடும்" என்றார். 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் இவர் வாங்கித் தராவிட்டால் நண்பனுடைய காரை, நள்ளிரவில், பெரியவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் ஓட்டிப் பார்க்கப் போகிற பையனுக்கு அந்த ஒரு வார்த்தையால் என்ன ரட்சணை? 'உன் சமர்த்து' என்று சாவியை நீட்டிவிடுவதும் அதே அளவு சுலபந்தான். இவ்விரண்டுக்கும் நடுவே படிப்படியாக ஏறிப் போகிற ஒரு மார்க்கம் வேண்டும் என்பதே என் கட்சி; நம் சட்டத்தில் அந்தப் படிகள் இல்லாமையால் அவற்றைத் தகப்பனார்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் இவ்விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 50 சிசிக்கு மேற்படாத சிறு மோட்டார் சைக்கிளை 16 வயதிலும், காரை 18 வயதிலும் ஓட்டலாம். 2019இல் செய்த திருத்தத்தில் புகுத்தப்பட்ட 199அ பிரிவோ, 18 நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றவர் அல்லது வண்டிக்குச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டென்றும், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும் என்றும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரையில் லைசென்ஸ் கிடையாதென்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. இவ்வளவு உக்கிரமான சட்டம், அதே பையன் 18 வயது கடந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்து மைதானத்தில் ஒரு சிறு காரை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால், மறுநாள் அவன் 500 குதிரைசக்தி கொண்ட ஓர் இயந்திரத்தில் ஏறி உட்காருவதை ஒரு கேள்வியும் கேட்காமல் அனுமதித்துவிடுகிறது. காய்கறி வாங்கப் போகிற சின்னக் காருக்கும், 4 விநாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிற காருக்கும் லைசென்ஸில் ஒரே எல்.எம்.வி. என்ற மூன்றெழுத்துத்தான்.

படிகள் என்ற எண்ணமே நம் சட்டத்துக்கு அந்நியம் என்றால் பேச்சில்லை. எங்கள் ஊர் ஏழைப் பையன் ஒருவன் கனரக லாரி ஓட்டிப் பிழைக்க வேண்டுமென்று நினைத்தால் அவனுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வருஷமாவது கார் லைசென்ஸை வைத்திருந்த அனுபவமும் இருந்தாக வேண்டும். நகரியிலிருந்து கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் மூச்சிரைத்துக்கொண்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரிக்குக் காத்திருப்பும் பக்குவமும் வேண்டுமாம். அதைத் தாண்டிக் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடுகிற காருக்கு வேண்டாமாம். பிழைப்புக்காக ஓட்டுகிறவனைச் சந்தேகிக்கிற சட்டம் உல்லாசத்துக்காக ஓட்டுகிறவனை நம்புவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த நம்பிக்கைக்கு நம் தெலுங்கு தேசம் கொடுத்திருக்கிற விலையை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 2011ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், கிரிக்கெட் வீரர் முகமது அசாருதீனின் 19 வயது மகன், ஹைதராபாத் வெளிவட்டச் சாலையில் 1000 சிசி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, சில நாட்கள் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடி மாண்டான். பின்னால் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பையனும் இறந்துபோனான். 2017 மே 10ஆம் தேதி விடியற்காலையில், அப்போது ஆந்திர மந்திரியாக இருந்த நாராயணாவின் மகனும் அந்த மகனுடைய சிநேகிதரும் போன பென்ஸ் கார், ஜூபிலி ஹில்ஸில் மெட்ரோ ரயில் தூணில் மோதி நொறுங்கிற்று, இருவரும் பிழைக்கவில்லை. மிகுந்த சக்தியுள்ள அந்த வண்டியில் உயிர்காக்கும் காற்றுப்பைகள் முதலான சாதனங்களுக்குக் குறைவில்லை. இந்தத் தகப்பனார்களைக் குறை கூற நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிள்ளை ஆசைப்பட்டதைக் கொடுக்கும் சக்தி தமக்கு இருந்தும் கொடுக்காதிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பிள்ளை பெற்றவர்களே அறிவார்கள்.

புணே நகரத்தில் நடந்தது வேறு ரகம். 2024 மே 19ஆம் தேதி அதிகாலையில், கல்யாணி நகரில், 17 வயதுப் பையன் ஒருவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார், மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றது. மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். அன்றைக்கே அந்தப் பையனுக்கு ஜாமீன் கொடுத்த சிறார் நீதி வாரியம், சாலை விபத்துகளைப் பற்றி 300 வார்த்தைகளில் வியாசம் எழுத வேண்டும் என்று விதித்த நிபந்தனையைக் கேட்டுத் தேசமே திகைத்தது. அதன் பிறகு ரத்த மாதிரியை மாற்றியதாக டாக்டர்கள் கைதானதும், தந்தையும் பாட்டனாரும் தாயும்கூடக் கைதானதும் பத்திரிகை படித்தவர்கள் அறிந்த சங்கதிகள். கோடிக்கணக்கில் விலையுள்ள அந்தக் காருக்குப் பதிவுக் கட்டணமாகிய 1,758 ரூபாய் கட்டப்படவில்லை என்ற ஒரு தகவல் மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இனி, அத்தகைய கார் எந்த விதத்தில் மற்றக் கார்களிலிருந்து வேறுபட்டது என்று பார்க்கலாம். 1983இல் மாருதி 800 வந்தபோது அதன் எஞ்சினுக்குச் சுமார் 40 குதிரைசக்திதான். அதை 90 கிலோமீட்டர் வேகத்துக்கு விரட்டினால் ஸ்டியரிங் நடுங்கும், கதவு கடகடக்கும், எஞ்சின் அலறும், பின் ஆசனத்துப் பாட்டி 'மெதுவாப் போடா' என்பாள். பயம் என்பது வேகத்தோடு கூடவே வந்து உட்கார்ந்துகொண்ட காலம் அது. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார் இந்த எச்சரிக்கைகளையெல்லாம் சாமர்த்தியமாக விழுங்கிவிடுகிறது. 140 கிலோமீட்டர் வேகத்திலும் உள்ளே சங்கீதம் தெளிவாகக் கேட்கும். வளைவில் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் ஓட்டுகிறவன் அறியாமலே கம்ப்யூட்டர் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிடித்து நேர்ப்படுத்தும். பத்துத் தடவை தான் செய்த பிழையை இயந்திரம் திருத்தியிருக்க, அந்தப் பத்தையும் தன் திறமை என்று எண்ணிக்கொள்கிற இளைஞன், இயந்திரத்தின் சாமர்த்தியமும் தீர்ந்துபோகிற பதினோராவது தடவையில்தான் முதன்முதலாகப் பயத்தைச் சந்திக்கிறான்; சந்திக்கும்போது அவகாசம் இருப்பதில்லை.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. 120இல் 33 மீட்டர். எதிரே ஒன்றைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு விநாடி செலவாகிவிடும். வேகம் இரண்டு பங்கானால், மோதலில் அடங்கியிருக்கிற சக்தி நான்கு பங்காகிறது. நிற்பதற்கு வேண்டிய தூரமும் பெரும்பாலும் அப்படியே. இந்தக் கணக்கைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பொறியியல் மாணவர்கள்தாம் இரவில் அதை மறந்துபோகிறார்கள்.

எங்கள் சாலையில் எதிரே வருவது என்னென்ன என்பதையும் சொல்லவேண்டும். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். பாதையின் நடுவே அசைபோடும் எருமை. கிராவல் லாரி சிந்திவிட்டுப் போன பொடிக்கல், அகலமான டயருக்கு அடியில் அது உருளும் விதமே வேறு. புரட்டாசி பிறந்துவிட்டாலோ, மஞ்சளாடை உடுத்துத் தலையில் மூட்டையும் வாயில் கோவிந்த நாமமுமாக, வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே நடக்கிற யாத்திரிகர்கள், குழந்தைகளும் முதியவர்களுமாக, திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா வரையில் சாலையின் ஓரத்தையே நம்பிப் போய்க்கொண்டிருப்பார்கள். வரி குறைவென்று புதுச்சேரி எண் வாங்கிய பளபளப்பான கார் ஒன்று, அந்த நாமத்தை அறுத்துக்கொண்டு சீறிப் போகும்போது, நடக்கிறவர்கள் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு மறுபடியும் நடக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் வேகத்தை அடக்குகிற ஒரு வினோதமான பிரயோகம் எங்களுக்கு மிக அருகிலேயே நடந்துகொண்டிருக்கிறது. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944இலும் இரண்டாவது பாதை 1974இலும் திறக்கப்பட்டன. இன்று ஒன்றில் இறங்கவும் மற்றொன்றில் ஏறவும் செய்கிறோம். அலிபிரிச் சுங்கச்சாவடியில் வண்டி நுழைகிற நேரத்தைச் சீட்டில் பதிந்து கொடுப்பார்கள். ஏறுவதற்கு 28 நிமிஷத்துக்குக் குறைவாகவும் இறங்குவதற்கு 40 நிமிஷத்துக்குக் குறைவாகவும் எடுத்துக்கொண்டவன் அதிவேகமாய் ஓட்டினான் என்று கொண்டு தண்டம் விதிப்பது தேவஸ்தானத்தின் வழக்கம். தேவஸ்தானம் கண்ட இந்த உபாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வேகமாகப் போய் என்ன லாபம் என்ற கேள்விக்கு, ஒரு லாபமும் இல்லை, மேலே போய்க் காத்திருக்கத்தான் வேண்டும் என்று பதில் சொல்லிவிடுகிற ஏற்பாடு இது. ஆனால் இதற்கும் ஒரு கள்ளவழி உண்டு. வளைவுகளில் பறந்து வந்துவிட்டுச் சாவடிக்குச் சற்று முன்னே மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மீதி நிமிஷங்களைக் கழிக்கிறவர்கள் இல்லாமலில்லை. சீட்டு, மொத்த நேரத்தை அளக்கிறது. ஆபத்தோ ஒவ்வொரு வளைவிலும் தனித்தனியாகக் காத்திருக்கிறது. 'ராத்திரி பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்' என்று விதித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்கிற தகப்பனாரும் இதே குறையுள்ள அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்.

பிற தேசங்கள் என்ன செய்கின்றன? 1987இலேயே நியூஸிலாந்து, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இரவு நேரத்தையும் உடன் ஏற்றும் நண்பர்களையும் கட்டுப்படுத்திப் படிப்படியாக உரிமை அளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. இத்தாலியில் புதிய லைசென்ஸ்காரர் முதல் 3 ஆண்டுகளுக்கு 105 கிலோவாட், அதாவது 140 குதிரைசக்திக்குச் சற்று மேலே போகிற கார்களைத் தொடக்கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், எடையில் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டை மிஞ்சுகிற கார்கள் புதியவர்களுக்கு விலக்கு. அதே தேசத்தில் 2019ஆம் ஆண்டு, அடிலெய்டு நகரத்தில், லம்போர்கினி ஒன்று சாலையை விட்டுத் தாவி 15 வயதுப் பெண் ஒருத்தியைக் கொன்றது. அந்தத் துக்கத்திலிருந்து எழுந்த இயக்கத்தின் பயனாக, 2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவில் அதிசக்தி வாய்ந்த கார்களுக்கென்றே தனி லைசென்ஸ் வகுப்பு ஏற்பட்டுவிட்டது. எத்தனை வருஷ அனுபவஸ்தரானாலும் அதற்குரிய பாடத்தைப் படித்துத் தேறினால்தான் அந்தக் காரை ஓட்டலாம். நமக்கு இது ஒன்றும் எட்டாத காரியமன்று. நம் லைசென்ஸ் அட்டையில் ஒரு வகுப்பைச் சேர்ப்பதுதான் வேலை. லாரிக்கு ஏற்கெனவே செய்திருக்கிறோம்.

காரைச் செய்கிறவர்களும் இந்தத் தேவையை அறியாதவர்கள் அல்லர். அமெரிக்காவில் டாட்ஜ் கம்பெனியார் 2015ஆம் வருஷ மாடலாக வெளியிட்ட ஹெல்கேட் என்ற காருக்கு இரண்டு சாவிகள்: சிவப்புச் சாவியைப் போட்டால் 707 குதிரைசக்தி, கறுப்புச் சாவியைப் போட்டால் 500. ஐந்நூறே அதிகம் என்பது வேறு விஷயம். ஒரே வண்டிக்குப் பெரியவர் சாவி, சிறியவர் சாவி என்று இரண்டு இருக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று விற்கிற பல வண்டிகளில், எட்டக்கூடிய வேகத்துக்கு மேல்வரம்பு வைக்கவும், வண்டி எங்கே எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைக் கைபேசியில் பார்க்கவும் வசதியுண்டு. கடைக்காரரிடம் காரின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஐந்து நிமிஷம் விசாரித்தால் போதும்.

ஆனால் அடக்குவது மட்டும் போதாது. வேகத்தில் இளைஞனுக்கு இருக்கிற ஆசை இயற்கையானது. அதைப் பாபமென்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கு உரிய இடம் சாலையன்று என்பதுதான் விஷயம். சென்னைக்கு அருகே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாட்களைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதையும், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் தமிழ் இளைஞர்கள் பலரை ஓட்டுநர்களாக ஆக்கியிருக்கின்றன. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். ராலி ஓட்டுநரான தகப்பனாருக்குப் பிறந்திருந்தும், அவர் பிரான்சு தேசத்துப் பந்தயப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் படித்துத்தான் மேலே வந்தார்.

நடிகர் அஜித்குமாரின் கதை இதைவிட நம் இளைஞர்களுக்கு நெருக்கம். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஒத்திகை பார்க்கும்போது அவருடைய கார் அதிவேகத்தில் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்று நின்றது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். சில நாட்களுக்குள் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற செய்தியைக் கேட்டு ரசிகர்கள் ஆரவாரித்தார்கள். அவர் பிழைத்ததற்கு அதிர்ஷ்டம் காரணமன்று. காருக்குள்ளே இரும்புக் கூடு, உடலை ஆசனத்தோடு இறுக்கிப் பிணைக்கும் பட்டை, தலைக்கவசம், நெருப்புத் தாங்கும் உடை, மோதலை விழுங்கும்படி கட்டிய தடுப்பு, எதிரே வண்டியே வராத ஒருவழிப் பாதை என்று, மனிதன் தவறுவான் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்த ஏற்பாடுகள் அவை. நகரி கைகாட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தம் நாயகரைப் பின்பற்ற விரும்புகிற பிள்ளைகள் அவர் எங்கே வேகமாக ஓட்டுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

ஆகையால் என் நண்பருக்கு நான் சொன்னது இதுதான். இப்போது வீட்டில் இருக்கிற சின்னக் காரைப் பையன் இன்னும் ஒரு வருஷம், மழைக்காலம் ஒன்று முழுதும் அடங்க, ஓட்டட்டும். ஸ்போர்ட்ஸ் கார் வந்த பிறகு, முதல் ஆறு மாதம் நீங்கள் பக்கத்து ஆசனத்தில் இருக்கும்போதல்லாமல் அது வாசலைத் தாண்டக்கூடாது. சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு போவது கடைசியில் வரட்டும், முதலில் வேண்டாம். இளைஞன் ஒருவன் தனியாக ஓட்டுவதைவிடத் தன் வயதுத் தோழர்கள் நிறைந்த வண்டியை ஓட்டும்போது ஆபத்து மிகுதி என்பது எல்லா நாட்டு அனுபவமும். சக்கர வழுக்கலைத் தடுக்கும் பொத்தானை அணைப்பது குற்றம் என்று வீட்டிலேயே சட்டம் செய்யுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் அதிசக்திக் கார்களுக்கு அது நிஜமாகவே குற்றம். திருமலைப் பாதையில் இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். தானியங்கி கியரில் பழகிய பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று உண்டென்பதே தெரியாது. காரின் முழு பலத்தையும் அவன் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போங்கள், புத்தூரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணம். தேர்ந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, முழு வேகத்திலிருந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லட்டும். வண்டி நிற்க எவ்வளவு தூரம் ஆகிறது என்று பையன் இறங்கித் தன் காலால் நடந்து அளந்து பார்க்கட்டும்.

நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பணம் பெரிதில்லை, பந்தயப் பாதைக்கும் போகலாம், பக்கத்து ஆசனத்தில் ஆறு மாதம் உட்காருவதுதான் முடியாத காரியம் என்றார். மாம்பழக் காலத்தில் தொழிற்சாலையை விட்டு ஒரு நாள்கூட அசைய இயலாதாம். அப்படியானால் மாம்பழக் காலமும் ஆடியும் கழிந்து, ஆவணி பிறந்த பிறகு காரை வாங்கலாம் என்றேன்.